வளைக்குள் வந்த காற்று

கரையக்கா பத்தொன்பது நாளாகப் பொய் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய பொய் ஒன்றுமில்லை, ஒரே ஒரு சொல்தான். நீர்த்தேக்கத்தின் மண்கரையைக் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் அவள் முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மதகு அறையில் இருக்கும் பதிவேட்டில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். விரிசல் உண்டா, கசிவு உண்டா, கல் சரிந்திருக்கிறதா, மரக்கன்று முளைத்திருக்கிறதா. ஐந்தாவது கட்டம், எலியோ நண்டோ பறவையோ வளை தோண்டியிருக்கிறதா என்பது. அதில்தான் அவள் 'இல்லை' என்று எழுதினாள். முதல் இரண்டு நாள் எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. மூன்றாம் நாளிலிருந்து அந்தத் தயக்கமும் போய்விட்டது. பொய் அப்படித்தான், பழகிவிட்டால் செருப்பு மாதிரி காலோடு வந்துவிடும்.

வளை இருந்தது. கரையின் உட்பக்கச் சரிவில், அலை அடித்துக் கற்கள் நழுவிப்போன ஓரிடத்தில் மண் சுவர் போலச் செங்குத்தாக நின்றது. அந்தச் சுவரில் ஒரு மீன்கொத்தி ஜோடி குடித்தனம் வைத்திருந்தது. சிவந்த அலகு, வெள்ளைக் கழுத்து, பறக்கும்போது பளிச்சென்று தெரியும் நீலச் சிறகு. அழகுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. வீட்டைப் பார்த்தால்தான் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். மீன் முள்ளும் எச்சமும் வாசலிலேயே வழிந்து கிடக்கும்.

இதற்கு விதி தெளிவாகவே இருந்தது. வளையைக் கண்டால் அன்றைக்கே பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். ஆட்கள் வந்து வளை முடியும் இடம்வரை தோண்டித் திறந்து பார்த்து, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து மூடுவார்கள். போன வருஷம் இதே சுவரில் ஒரு வளையைப் பார்த்தபோது, இத்தனூண்டு வளைக்கு ஆள் அம்பெல்லாம் எதற்கு என்று அவளே ஒரு கூடைக் களிமண்ணை அதன் வாயில் திணித்து மூடிவிட்டாள். உள்ளே குஞ்சுகள் இருந்தது அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு நாள் ஒரு மீன்கொத்தி கரைமேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பியில் வாயில் மீனோடு உட்கார்ந்திருந்தது. மீனைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அவள் பக்கத்தில் நடந்துபோனால் பறக்கக்கூட இல்லை. கரையக்காவுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அவளைக் கேட்டால், வாயில் மீனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீவனைத் தினம் இரண்டு தடவை கடந்து போய்ப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்பாள்.

அதனால் இந்த வருஷம், வளைக்குள் குஞ்சுகள் கரகரவென்று கத்துவதைக் கேட்டதும், அவை பறந்து போகட்டும், பிறகு சொல்லி மூடிக்கொள்ளலாம் என்று அவளாகவே முடிவு செய்தாள். தண்ணீர் வளைக்கு மூன்று ஆள் உயரம் கீழே கிடந்தது. மழைக்காலத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவளுடைய கணக்கு சரியாகத்தான் இருந்தது, மழைக்குத்தான் அந்தக் கணக்கு தெரியவில்லை.

மேலே எங்கோ மலைப்பக்கத்தில் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. இங்கே தூறல்கூட இல்லை, ஆனால் ஆறு வந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது தண்ணீர் வளைக்கு ஒன்றரை ஆள் உயரம் கீழே இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று 'இல்லை' எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கரையேறியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் வளைக்கு இரண்டு முழம் கீழே வந்திருந்தது. அளவுகோலில் கண்ணை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தாள். கோடு கோடாக ஏறிக்கொண்டிருந்தது. பத்து, மிஞ்சினால் பத்தரை, அதற்குள் வளையின் வாயில் தண்ணீர் இருக்கும்.

வளைக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதைப் பயிற்சியின்போது ஒரு சின்ன மண்மேட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். விரல் நுழைகிற ஓட்டைதான். முதலில் ஒரு சொட்டு வந்தது, பிறகு ஒரு நூல். தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக மாறியது. அதற்கப்புறம் மேடே இல்லை. மொத்தம் ஏழு நிமிஷம். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள்.

கரைக்குக் கீழே ஒரு தெரு இருந்தது. நாற்பத்திரண்டு வீடுகள், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நின்றன. கரையடியில் முதல் வீடு அவளுடையது. வேலையோடு வந்த வீடு, வேலை போனால் கூடவே போய்விடும் வீடு. இந்நேரம் அவள் வீட்டுக்காரர் ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து வந்து, வெளிச்சம் வராமல் ஜன்னலை அடைத்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

அவள் செய்திருக்க வேண்டியது போனை எடுப்பது. எடுக்கவில்லை. போனை எடுத்தால் பதிவேட்டையும் எடுப்பார்கள். காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்றாக முப்பத்தெட்டு 'இல்லை' அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மீன்கொத்தி எவ்வளவு தோண்டிவிடும், ஒரு கை நீளம் இருக்குமா. குஞ்சுகளை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் களிமண்ணை நன்றாக இடித்து அடைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கரை பற்றிய பயமும் இருந்தது, வேலை பற்றிய பயமும் இருந்தது. அந்த நேரத்தில் அவள் சின்னப் பயத்தின் பேச்சைத்தான் கேட்டாள்.

மதகு அறையில் குக்கபரா இருந்தான். மதகை ஏற்றி இறக்குகிறவன், முப்பது வயது. பெயர் வந்த கதை இதுதான்: போன வருஷம் பொறியாளர் போனில் ஒரு வெளிநாட்டுப் பறவையைக் காட்டினாள். குக்கபராவாம், மீன்கொத்திக்கு உறவாம். ஆனால் தண்ணீரில் குதித்து மீன் பிடிக்கிற வேலையெல்லாம் அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. பாம்பையும் பல்லியையும் தூக்கி வந்து கிளையில் துணி துவைப்பது போல அடித்துத் தின்னும். கத்தினால் நாலு ஆள் சேர்ந்து சிரிப்பது மாதிரி இருந்தது. அதைக் கேட்டு இவன் சிரித்தான். போனுக்குள் சிரிப்பது எது, வெளியே சிரிப்பது எது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவன் குக்கபராதான்.

"கடப்பாரையும் ஒரு கூடைக் களிமண்ணும் வேணும்பா," என்றாள்.

"காலங்காத்தால புதையலா அக்கா? எனக்கும் பாதி தருவியா?"

"கல்லு ஒண்ணு சரிஞ்சிருக்கு. சரி பண்ணணும்."

"நான் வரட்டுமா?"

"வேண்டாம். நீ மதகைப் பாரு, தண்ணி ஏறுது."

அவன் எதற்கோ சிரித்தான். வழக்கமாக அந்தச் சிரிப்பைக் கேட்டால் அவளுக்கும் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கற்களில் கால் வைத்து வைத்து உட்சரிவில் இறங்கினாள். காலுக்குக் கீழே கலங்கிய தண்ணீர் கரையைச் சப்புச் சப்பென்று நக்கிக்கொண்டிருந்தது. குச்சிகளும் நுரையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மிதந்து வந்து ஒதுங்கியிருந்தன. கல்லில் மண்டியிட்டபோது வளை அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. மீன்கொத்தி ஒன்று தலைக்கு மேல் கிறீச்சிட்டபடி சுற்றியது. குக்கபராவெல்லாம் மரப்பொந்தில் முட்டையிடும் என்று பொறியாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. சொந்தக்காரப் பறவை மரப்பொந்தில் மானமாகக் குடியிருக்கும்போது உனக்கு மட்டும் என் கரைதான் கிடைத்ததா என்று அதைத் திட்டினாள்.

வளைக்குள் கையை விடப் போனாள், எடுத்துக்கொண்டாள். வளை என்றால் பாம்பு, அதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாவது தடவை மணிக்கட்டு வரை போய் எடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு முழங்கை வரை விட்டாள். கொழகொழவென்று ஏதோ தட்டுப்பட்டது. மீன் முள் குத்தியது. நாற்றம் மூக்கில் ஏறியது. கன்னம் மண் சுவரில் அழுந்தும்படி சாய்ந்து, தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். இந்த இடத்தில் வளை அகன்று ஒரு சின்ன அறையாகி முடிந்திருக்க வேண்டும். அதில் குஞ்சுகள் இருக்க வேண்டும்.

விரல் நுனிக்கு மண் தட்டுப்படவில்லை. மேலே தடவினாள், ஒன்றுமில்லை. பக்கவாட்டில் தடவினாள், ஒன்றுமில்லை. கீழே தடவினால் வளையின் தரை ஒரு விளிம்போடு நின்றுபோய் அதற்கப்பால் வெறும் வெளியாக இருந்தது. அப்போது குஞ்சுகள் கத்தின. கைக்கு எதிரே இருந்து கத்தவில்லை. கைக்குக் கீழே, ஆழத்திலிருந்து, கெட்டியான மண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அந்தக் கரகரச் சத்தம் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல வந்தது. விளிம்பிலிருந்து உள்ளே சரிந்து விழுந்திருக்கின்றன. விழுவதற்கு அங்கே இடம் இருந்திருக்கிறது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றினாலும் உடம்பு கேட்கவில்லை. வியர்த்துப்போன உள்ளங்கையில் மெல்லக் காற்று பட்டது. ஜில்லென்று, நிதானமாக, உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் வெளியே வருகிறதென்றால் வேறெங்கோ அது உள்ளே நுழைகிறது. அது கரைக்கு வெளியே, தெருப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

கையை உருவிக்கொண்டு குக்கபராவைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை. தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தவன் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"வெளிப்பக்கம் இறங்கு. இதுக்கு நேர் எதிர்ல வெட்டின மரத்தோட அடிக்கட்டை இருக்குதே, அதுகிட்டப் போய் நில்லு. நான் இந்த வளைக்குள்ள பேசறேன், அங்க ஏதாவது கேக்குதான்னு பாரு."

"அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"போடா, சொன்னதைச் செய்."

அவன் போனான். அவள் வளையில் வாயை வைத்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். கேட்காமல் இருக்கட்டும், கேட்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் வேண்டிக்கொண்டாள். பதினொன்றோ பன்னிரண்டோ சொல்லும்போது கரைமேல் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. மேலே அவன் முகம் தெரிந்தது. அந்த முகத்தை அவள் சிரிப்பில்லாமல் பார்த்ததே இல்லை. பேயறைந்தது போல இருந்தான்.

"அக்கா, அங்க புல்லுக்குள்ள இருந்து நீ எண்ணறே."

கரை கட்டிய காலத்தில் போட்டு மறந்துபோன குழாயோ, வெட்டிய மரத்தின் மக்கிய வேரோ, என்ன எழவோ, கரைக்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு வழி இருந்தது. மீன்கொத்தி தோண்டிக்கொண்டே போய் ஒரு கை நீளத்தில் அதில் முட்டியிருக்கிறது. போன வருஷம் வாயை மட்டும் அடைக்காமல் விதிப்படி தோண்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பத்தொன்பது நாளுக்கு முன்னால் சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்கும். தண்ணீர் அப்போது எங்கோ கீழே கிடந்தது, சாவகாசமாகத் தோண்டி மூடியிருக்கலாம். இதெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் புரிந்தது.

"களிமண்ணை வச்சு அடைச்சுடலாமா?" என்றான் அவன்.

"எதுல அடைக்கிறது? உள்ள வெறும் பொந்துடா. தண்ணி தள்ளினா தக்கை மாதிரி பிச்சுக்கிட்டுப் போயிடும்."

போனை எடுத்தாள். பொறியாளர் அவளைவிடப் பத்து வயது இளையவள், கெட்டிக்காரி, காகிதத்தில் இருப்பதை நம்புகிறவள். பதிவேட்டின் பக்கத்தைத் தினமும் சாயங்காலம் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் அவள்தான்.

"மேடம், கரையில ஓட்டை. இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போகுது."

"என்னக்கா சொல்றீங்க? நேத்து சாயங்காலப் பதிவு இதோ என் கையில இருக்கு. வளை இல்லைன்னு போட்டிருக்கீங்களே."

"ஆமா மேடம்."

"அப்போ ராத்திரியிலதான் ஏதோ தோண்டியிருக்கு. ஒரே ராத்திரியில எவ்வளவு தோண்டிடும்? ஒரு சாண் இருக்குமா? பயத்துல உங்களுக்குப் பெருசாத் தெரியுது. மணல் மூட்டையை அடுக்கி வையுங்க. எனக்கு இன்னும் ரெண்டு கரை பாக்க வேண்டியிருக்கு. மத்தியானத்துக்கு மேல வந்து பாக்கறேன்."

அழகான வழி ஒன்று திறந்திருந்தது. சரி மேடம் என்று சொல்லிவிட்டால் போதும். ராத்திரி தோண்டிய வளை, காலையில் பார்த்துச் சொன்ன கரைக்காரி; அவள் மேல் ஒரு குற்றமும் வராது. அவளுடைய பொய்யே அவளைக் காப்பாற்ற வந்து நின்றது. அதே பொய்தான் கீழே இருக்கும் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அபாயச் சங்கு ஊதவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. குக்கபரா அவள் வாயையே பார்த்தான்.

"பதிவு பொய் மேடம்."

"என்ன?"

"வளை பத்தொன்பது நாளா இருக்கு. எனக்குத் தெரியும். உள்ள குஞ்சு இருந்துச்சு, அதனால நான்தான் இல்லைன்னு எழுதினேன். இப்பக் கையை விட்டுப் பாத்தேன், உள்ள காத்து வருது. நான் இங்க பேசறது அந்தப் பக்கம் கேக்குது மேடம்."



"தண்ணி எவ்வளவு கீழ இருக்கு?"

"ஒரு முழம் இருக்கும்."

"எல்லா மதகையும் முழுசாத் திறக்கச் சொல்லுங்க. நான் சங்கு ஊதச் சொல்றேன். ஆளுங்களோட கிளம்பறேன். நீங்க தெருவுக்கு ஓடுங்க." கடைசியாகப் பொறியாளர் சொன்னாள்: "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

சங்கு எட்டரை மணிக்கு ஊதியது. அதுதான் வினையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் எட்டரை மணிக்குச் சங்கைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். தெருவில் அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்துகிறவர்கள் உண்டு. சோதனைக்கு ஒரு தடவை, நிஜத்துக்கு மூன்று தடவை என்று பலகை எழுதிப் போட்டிருந்தார்கள். அதை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? சங்கு மூன்று தடவை அலறி ஓய்ந்தபோது ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. காலி தெருவின் நடுவில் கரையக்கா மூச்சு வாங்க நின்றாள். அன்றைக்கு அவள் பார்த்ததிலேயே பயங்கரமான காட்சி அந்த மூடிய கதவுகள்தான்.

முதலில் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"வெள்ளிக்கிழமை சங்குதானே," என்று முனகிவிட்டு வீட்டுக்காரர் தலையணையைக் காதின் மேல் போட்டுக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"கரை உடையப் போகுதுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டைகூடப் போடாமல் எதிர்வரிசைக் கதவுகளைத் தட்ட ஓடினார். நல்ல மனுஷர். எப்படித் தெரிந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அங்கேயே உடைந்திருப்பாள்.

எந்த வீடும் முதல் தட்டலுக்குத் திறக்கவில்லை. பல் துலக்கிக்கொண்டே வந்த ஒருவர் வாய் நிறைய நுரையோடு, சோதனைதானே என்றார். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன ஒருத்தி வரவேயில்லை. மறுபடி போய்ப் பார்த்தால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார், சாவி அவர் கையிலேயே இருந்தது. கத்திக் கத்தி அவள் குரல் கம்மிவிட்டது. தெருவின் கோடியில் கரை பச்சைப் புல்லோடு என்றைக்கும் போல அமைதியாக நின்றது. அதைக் காட்டி, எங்கேம்மா உடையுது என்று கேட்டார்கள். அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து, தலைகளை எண்ணி, மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிக்கொண்டே போனாள்.

பதினெட்டாவது வீடு தையல்காரியுடையது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், மூலையில் கூரை தொடும் உயரத்துக்குப் பள்ளிச் சீருடைத் துணி. இடுப்பில் பையனோடு வாசலுக்கு வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் திரும்பி மெஷின்களைத்தான் பார்த்தாள்.

"ரெண்டும் இப்பத்தான் வாங்கினதுக்கா. திங்கக்கிழமை அறுபது உருப்படி கொடுக்கணும். ஒண்ணையாவது தூக்கிடலாம், ஒரு கை பிடிங்க."

"விடும்மா, குழந்தையைத் தூக்கு."

"ஒரே ஒரு நிமிஷம்க்கா."

கரையக்கா அவளை வாசலிலிருந்து பிடித்துத் தள்ளினாள். அப்படி யாரையும் தள்ளியதில்லை அவள். தையல்காரி தடுமாறிப் படியிறங்கினாள். ஒரு கையில் பையன், இன்னொரு கையில் எப்படியோ பெரிய கத்தரிக்கோல். அதோடு திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடினாள்.

கடைசிக் கதவையும் தட்டிவிட்டு அவள் கரையின் முனைக்குத் திரும்பும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பொறியாளர் ஒரு லாரி ஆட்களோடு வந்திருந்தாள். வளை இருந்த இடத்தில் தார்ப்பாய் விரித்து மூட்டைமேல் மூட்டையாகப் போட்டிருந்தார்கள். மதகெல்லாம் திறந்துதான் கிடந்தது, ஆனால் அதில் போவதைவிட ஆறு கொண்டு வருவது அதிகமாக இருந்தது. தண்ணீர் தார்ப்பாயின் அடியில் எங்கோ வளையைக் கண்டுபிடித்துவிட்டது. குபுக்கென்று, குடத்தை முக்கினால் வருவது போல ஒரு சத்தம் வந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கரகரச் சத்தம் கேட்கவில்லை. எந்தக் குஞ்சுகளுக்காக அத்தனை பொய் எழுதினாளோ அவைதான் முதலில் போயின. பாவம் என்று நினைக்கக்கூட அவளுக்கு மனதில் இடமில்லை, மனது முழுக்க பயமாக இருந்தது.

வெளிச்சரிவில் நின்ற குக்கபரா கையை உயர்த்தினான். மரக்கட்டையின் பக்கத்தில் புல்லுக்குள்ளிருந்து ஒரு நூல் தண்ணீர் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தேநீர் நிறத்துக்கு மாறியது.

"எல்லாரும் கரையை விட்டு இறங்குங்க," என்றாள் பொறியாளர். "மூட்டையைப் போட்டுட்டு வாங்க. போதும்."

அதிலிருந்து பதினோரு நிமிஷம் ஆனது. கரையின் முனையில், பாறைமேல் நின்று பார்த்தார்கள். நூல் கயிறாகி, கயிறு ஒரு ஆள் பருமனாகி, மரக்கட்டை வேரோடு எழும்பி உருண்டது. அதற்கு மேலிருந்த கரை கொஞ்ச நேரம் பாலம் மாதிரி அந்தரத்தில் நின்றது. பிறகு அதுவும் உட்கார்ந்துவிட்டது. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. முதல் வீடு, அவள் காலையில் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்த வீடு, அட்டைப்பெட்டி போலக் கோணி நகர்ந்து அடுத்த வீட்டில் மோதியது. தெருவில் இருபத்து மூன்று வீடு இல்லாமல் போயிற்று. மீதி வீடுகளில் ஜன்னல் வரை சேறு ஏறியது.

யாரும் சாகவில்லை. பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறையில் தெருவாசிகளை உட்கார வைத்து வீட்டு வரிசைப்படி மூன்று தடவை எண்ணிச் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது, அழுகைக்கு அப்புறம் பேச்சு வந்தது. கரையக்கா மட்டும் வந்து தட்டலைன்னா என்று ஒருவர் தொடங்கினார். அந்த வாக்கியத்தை அறை முழுக்க ஆளுக்கொரு விதமாக முடித்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் வீட்டுக்காரர் யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையில், வீடு போனது மறந்து, பெருமையாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரியாது.

தெரிந்தவர்கள் இரண்டு பேர். பொறியாளர் நனைந்த செருப்போடு வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குக்கபரா சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நாளைக்கோ மறுநாளோ விசாரணை வரும், படங்களில் இருக்கும் முப்பத்தெட்டு 'இல்லை'யும் வெளியே வரும். இன்றைக்கு இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த அறையில் யாரும் சொல்லப்போவதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

தையல்காரி பையனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கரையக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். காலையில் வளைக்குள் போன அதே கை, விரல் இடுக்கில் இன்னும் மண் இருந்தது.

"நீங்க பிடிச்சுத் தள்ளலைன்னா நானும் இவனும் அந்த மெஷினோடவே போயிருப்போம்க்கா. இந்த ஜன்மத்துல மறக்க மாட்டேன்."

தையல்காரியின் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டை இன்னும் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளக் கரையக்காவுக்கு ஆசையாக இருந்தது.

"எனக்குப் பத்தொன்பது நாளாத் தெரியும்மா," என்றாள்.

"என்னக்கா தெரியும்?"

"கரையில மீன்கொத்தி வளை இருந்தது தெரியும். உள்ள குஞ்சுங்க இருந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். இல்லைன்னு எழுதினேன். அன்னிக்கே சொல்லியிருந்தா மூடியிருப்பாங்க. உன் வீடு இருந்திருக்கும்."

தையல்காரி கையை விடவில்லை.

"எத்தனை குஞ்சு?" என்று கேட்டாள்.

"பாக்கலை. நாலு இருக்கும்."

தையல்காரி மடியில் தூங்கிப்போயிருந்த பையனின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நம்ம தெருவுல குழந்தைங்க எத்தனைன்னு தெரியுமா உனக்கு?" அதுவரை அவள் நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதினேழு," என்றாள் கரையக்கா. "இன்னிக்குக் காலையிலதான் எண்ணினேன்."

தையல்காரி கையை விட்டாள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, எழுந்து அறையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கரையக்கா அதே இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அடுத்து யார் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்துகொண்டு.